கூடப் போகிறவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். முன்பு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றவள். கரண்டி வாங்க வந்தவர் தலையில் குக்கரைக் கட்டிவிடுகிற வாய். "வர்ற வழியிலயே எல்லாத்தையும் பேசித் தீர்த்துட்டு வந்துடு தாயே" என்று அவள் கணவரே கும்பிடுவார்.

வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவும் எங்கள் தொண்டு நிறுவனம் அந்த வாயை நம்பித்தான் அவளை எடுத்தது. ஒரு பெண் நடந்ததை எங்களிடம் ஒருமுறை சொன்னால் போதும். பிறகு ஆஸ்பத்திரியோ காப்பகமோ, அந்தப் பெண் சம்மதித்த அளவுக்கு ரேடியோ கூடப் போய்ச் சொல்வாள். ஆளாளுக்குக் காயத்தைக் கிளறிப் பார்க்கிற வழக்கத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்த பெண்ணுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது தோளில் குழந்தை. திரைக்குப் பின்னால் ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அக்கா, இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது. கேட்டாங்கன்னா எழுந்து வீட்டுக்கே போயிடுவேன்."

திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"நீ வாயே திறக்க வேணாம்மா. நான் பேசிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் ரேடியோ அளந்து அளந்து பதில் சொன்னாள். கடைசியில் பழைய கடைப் புத்தி எட்டிப் பார்த்துவிட்டது. கொஞ்சம் கூட்டிச் சொன்னாள்.

"பாவம் டாக்டர், அலறிக்கிட்டு ஓடி வந்திருக்கா."

"இல்லக்கா" என்று அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள்.

ரேடியோவின் முகம் செத்துப்போனது. காரியம் கெட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"நான் ஓடல. கத்தவும் இல்ல. பாப்பா தூங்கிட்டு இருந்தா. முழிச்சுடக் கூடாதுன்னு மெதுவா நடந்துதான் வந்தேன்."

அவள் மறுபடி உட்கார்ந்து மீதியையும் தானே சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை.

வெளியே வந்ததும் ரேடியோ அவளது நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லாததைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

"விடுங்கக்கா. காப்பகத்துல நானே சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க, போதும்."