மூங்கில் வில்லும் பிரம்பு வில்லும்

ஆவடியில் தனியறை எடுத்து ஐ.டி.ஐ. படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அன்று ஞாயிறு; மறுநாள் விளையாட்டு அணிக்கான வில்வித்தைத் தேர்வு. நானே செய்த மூங்கில் வில், பிரம்பு வில் இரண்டில் எதன் அம்பு தூரம் போகும் என்று வறண்ட ஏரியில் எய்து பார்த்தேன். அம்பைத் தேடியே பொழுது போனது.

சைக்கிளில் போன ஒருவர் நின்று விசாரித்தார்.

"தனியாளா எப்டி நைனா பாப்பே? நான் அந்தாண்ட நின்னுக்குறேன். என் மேல உட்றாதே, ஊட்ல ரெண்டு பொண்ணு கீது."

மூங்கில் வில்லின் அம்பு விழுந்த இடத்தில் செருப்பையும், பிரம்பு வில்லின் அம்பு விழுந்த இடத்தில் துண்டையும் வைத்துவிட்டு, முள்ளில் வெறுங்காலோடு நின்றார். செருப்புதான் வெகுதூரம் தள்ளிக் கிடந்தது.

"மூங்கிலையே எட்த்துகினு போ," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தேர்வில் நான் தேறவில்லை. அதை ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அடுத்த ஞாயிறு, வில் எதுவும் எடுக்காமல், ஏரிக்கரையில் அவர் சைக்கிளில் போன வழியைப் பார்த்தபடி இருட்டும்வரை நின்றிருந்தேன்.