பதினான்காம் கேள்விக்கு வந்த பதில்

கல்லூரி நலவாழ்வு அறையின் செவிலிக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘மூணு லிட்டர்’. தலைவலி என்று போனாலும், கால் சுளுக்கு என்று போனாலும், காதல் கைவிட்டது என்று போனாலும் அவளுடைய முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தனை லிட்டர் தண்ணி குடிச்சே?” என்பதுதான். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் பதினோரு ஆண்டுப் பயிற்சி இருந்தது. ‘காலை உணவைத் தவிர்க்காதீர்’ என்று தானே எழுதி ஒட்டிய தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்து, காலை உணவுக்குப் பதிலாக இரண்டாவது காப்பியைக் குடிப்பாள். ஊரைத் திருத்துகிறவளுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள ஏது நேரம்?

ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களிடம் உடல்நலப் பழக்கங்கள் குறித்துப் படிவம் நிரப்பி வாங்குவது அவள் பொறுப்பு. பெயரும் பதிவெண்ணும் கேட்ட ஆண்டுகளில் நானூறு பேரும் எட்டு மணி நேரம் தூங்கினார்கள், நாள் தவறாமல் ஓடினார்கள். புகைப்பவர் ஒருவரும் இல்லை. விடுதிக் கழிவறையில் கிடந்த சிகரெட் துண்டுகள் காற்றில் பறந்து வந்தவை போலும்.

“இவ்வளவு ஆரோக்கியமா இருந்தா என் ரூமைப் பூட்டிட்டு நானும் ஓடப் போயிடறேன் சார்” என்று முதல்வரிடம் மல்லுக்கட்டி, இந்த ஆண்டு பெயரை எடுக்க வைத்தாள். பெயரோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நீலப் பேனா. கையெழுத்து காட்டிக்கொடுக்காதிருக்க, எழுதவேண்டிய ஒரே பதிலுக்கும் கட்டத்துக்கு ஓர் எழுத்து. நிரப்பிய படிவங்களை எல்லோர் கண்முன்னும் அட்டைப் பெட்டியில் கொட்டி, அலுவலக உதவியாளரைக் குலுக்கச் சொன்னாள். “யார் எதை எழுதினாங்கன்னு இனி எனக்கே தெரியாது” என்று மேடையில் அறிவித்தபோது கைத்தட்டல் வந்தது. அவள் வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு கச்சிதமாகச் செய்ததில்லை.

நான்காம் நாள், எண்ணிக்கொண்டு வந்தபோது அந்தப் படிவம் கையில் அகப்பட்டது. தூக்கம் எட்டு மணி. நடை முப்பது நிமிடம். தண்ணீர் மூன்று லிட்டர். அவளே வளர்த்த பிள்ளைபோல அத்தனையும் சரி. பதினான்காம் கேள்வி: ‘அடுத்த மாதம் எந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வீர்கள்?’ கட்டம் கட்டமாகப் பதில் இருந்தது: ‘அடுத்த மாதம் நான் இருக்க மாட்டேன்.’ முற்றுப்புள்ளிக்குக்கூடத் தனிக் கட்டம் ஒதுக்கியிருந்தது அந்தக் கை.

மாதம் முடிய ஒன்பது நாள்.

முதல்வர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஏதோ கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

“வேற காலேஜுக்கு மாறப் போறானோ என்னவோ. இல்லேன்னா விளையாட்டுக்கு எழுதியிருப்பான்.”

“விளையாட்டா இருந்தா என்னைக் கேலி பண்ணியிருப்பாங்க சார். மத்த படிவத்துல எல்லாம் அதைத்தான் பண்ணியிருக்காங்க.”

“பேர் இருந்திருந்தா இந்நேரம் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம்.” அவர் குரலில் குத்தலே இல்லை. அதுதான் குத்தியது. “கிளாஸ் கிளாஸா போய் இதைச் சொல்லாதீங்க சிஸ்டர். வெளிய தெரிஞ்சா காலேஜ் பேர் என்னாகும்?”

சொல்லாமல் எப்படித் தேடுவது? இரண்டு நாள் எடை பார்க்கிறேன், இரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று வகுப்புகளுக்குள் நுழைந்து முகங்களைப் பார்த்தாள். வாட்டமாக இருந்தவளைப் பிடித்து விசாரித்தாள், பல்வலி. சிரித்துக்கொண்டே இருந்தவன்மேல் சந்தேகம் வந்தது. அவன் எப்போதும் அப்படித்தானாம். நானூற்றுப் பன்னிரண்டு முகங்களும் சாகப்போகிறவை போலவும் இருந்தன, நூறாண்டு இருக்கப்போகிறவை போலவும் இருந்தன.

மூன்றாம் நாள், வேதியியல் வகுப்பில், அழுத்தமானியின் பட்டையை ஒருவன் கையில் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

“பதினாலாவது கேள்விக்கு ஒருத்தர் பதில் எழுதியிருக்கீங்க. எழுதினவங்களுக்குத் தெரியும். தயவுசெஞ்சு என்கிட்ட வாங்கப்பா. பேர் கேக்க மாட்டேன், வீட்டுக்குச் சொல்ல மாட்டேன். சும்மா வந்து உக்காந்துட்டுப் போனாலும் போதும்.”

பின்வரிசையில் ஒருவன், “சிஸ்டர், தண்ணி குடிச்சுட்டு வரணுமா?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனே அடுத்த கணம் தலையைக் குனிந்துகொண்டான்.

மாலைக்குள் மற்ற வகுப்புகளிலும் அதையே சொல்லி முடித்தாள். விளக்கம் கேட்டு முதல்வர் எழுதிய கடிதம் மறுநாள் காலை மேசையில் காத்திருந்தது. கூடவே, வாசலில் ஒரு பெண்ணும்.

“நான் எழுதலை சிஸ்டர்,” என்றாள் அந்தப் பெண். “ஆனா எழுதியிருக்கலாம்.”

அவளுக்குப் பின்னால் இன்னொருவன். அவனும் எழுதவில்லை. தூங்கிப் பத்து நாளாயிற்று, அவ்வளவுதான். ஒருத்தி ஒரு வார்த்தையும் பேசாமல் கால்மணி நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனாள். மாதக் கடைசிக்குள் பத்தொன்பது பேர். ஒருவரும் ‘நான்தான்’ என்று சொல்லவில்லை. வெளியூரிலிருந்து மனநல மருத்துவரை வரவழைத்து ஒவ்வொருவரையும் அவரிடம் ஒப்படைத்தாள். பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்தும் அவளுக்குச் சந்தோஷமில்லை. அவள் தேடுகிற ஆள், வராமலே இருக்கும் இருபதாவது ஆளாக இருந்தால்?

முதல் தேதி காலையில் உதவியாளரை அனுப்பி எல்லா வகுப்பின் வருகைப் பட்டியலையும் வாங்கி வரச் சொன்னாள். வராதவர்கள் மூன்று பேர்; ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். முதல் வீட்டில் காய்ச்சல். இரண்டாவது மாணவி அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மூன்றாவது எண் நெடுநேரம் அடித்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அலோ, யாரு?” தூக்கம் கலைந்த எரிச்சல்.

“காலேஜ்லேர்ந்துப்பா. ஒண்ணுமில்லை. நீ தூங்கு.”

போனை வைத்தாள். உதவியாளர் நிம்மதியாகப் பட்டியலை மடித்தார். “அப்பாடா. எல்லாரும் இருக்காங்க சிஸ்டர்.”

“இன்னைக்கு இருக்காங்க.” அடுத்த மாதம் என்றுதான் அந்தக் கை எழுதியிருந்தது; தேதி எழுதவில்லை. “நாளைக்கும் வாங்கிட்டு வாங்கண்ணே.”

“எத்தனை நாளைக்கு?”

அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். முப்பத்தொரு நாள் மாதம்.