அப்போதிக்கரி வூடு

கல்முனையில் என் தேநீர்க் கடைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண், தன் குடும்பப் பெயர் போதிக்கரி என்றார். தென் இங்கிலாந்தில் சில ஊர்களில் மட்டுமே உள்ள பெயராம். போகும் நாடெல்லாம் அந்தப் பெயரில் ஒருவரையாவது தேடுகிறாராம்.

எங்கள் தெருவில் 'அப்போதிக்கரி வூடு' என்றொரு வீடு உண்டு. ஆள் கிடைத்துவிட்டது என்று துள்ளி எழுந்து கூட்டிப்போனேன்.

விசயத்தைக் கேட்டதும், நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அந்த வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டது சரிதான் தம்பி. எங்கட மூத்தவாப்பா ஆசுபத்திரியில மருந்து கலக்கின அப்போதிக்கரி. தொழில்தான் வூட்டுக்குப் பேராகிட்டு."

வெட்கத்துடன் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. தன் முன்னோரும் மருந்து கலந்தவர்தானாம். பெயர் வந்ததே அதனால்தானாம்.

"அப்ப ஒரே குடிதானே. உள்ள வரச் சொல்லுங்க" என்றார் ராத்தா.

கைச்சாடையிலேயே பேசிக்கொண்ட இருவரும், சோறு தின்று முடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிழையான வீட்டுக்குக் கூட்டிப்போனதற்காக நான் மகிழ்ந்த ஒரே நாள் அதுதான்.