பன்னிரண்டு மணிச் சோதனை

மூன்று வருடங்களுக்கு முன், விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். ஆடி மாதம். காலை டூட்டியில் ஏறிய கொஞ்ச நேரத்தில், சிவகாசி அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐம்பது வயது இருக்கும். ஆமத்தூர் பக்கம் பைக் சறுக்கித் தலையில் அடி. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் சின்னதாக ரத்தக்கசிவு தெரிந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மணிக்கொரு தரம் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

பெயர், ஊர், மாதம் கேட்பேன். டார்ச் அடித்து இரண்டு கண்ணின் பாவையும் ஒன்றுபோலச் சுருங்குகிறதா என்று பார்ப்பேன். என் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன்.

"இது எந்த மாசம் அண்ணாச்சி?"

"சனவரி."

தாளில் 'குழப்பம்' என்று எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி தடுத்தார்.

"எழுதாதீக தாயி. அவுக கம்பெனில அடுத்த வருசக் காலண்டர் ஓடுது. ஒரு வாரமா சனவரித் தாளாத்தான் அடிக்காக."

அவரே சிரித்துவிட்டார். "ஆமா, ஆடியில்ல நடக்குது!"

பதினொரு மணிக்குச் சலித்துக்கொண்டார். "திரும்பத் திரும்ப அதையே கேக்கீகளே, எனக்கா மறந்துபோச்சு, உங்களுக்கா?"

பன்னிரண்டு மணிக்குப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். வார்டு நிறைய ஆட்கள், இரண்டு பேருக்கு டிரிப் மாற்ற வேண்டும். "இப்பத்தான் அசந்தாக, விடுங்களேன்" என்றார் மனைவி. விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. இரண்டடி நகர்ந்தும் விட்டேன். எதற்கோ திரும்பி வந்து எழுப்பினேன்.

எழுப்பக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. பதில்கள் எல்லாம் சரி. கண்ணை மூடி, உள்ளங்கை மேலே இருக்க இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னேன். இடக்கை அப்படியே நின்றது. வலக்கை மெல்ல உட்பக்கம் திரும்பி, தாழ்ந்துகொண்டே வந்தது.

"கை எங்க இருக்கு அண்ணாச்சி?"

"நேராத்தான இருக்கு" என்றார், மூடிய கண்ணோடு.

மனைவி அந்தக் கையையே பார்த்தார். டார்ச் அடித்தேன். இடக்கண்ணின் பாவை மட்டும் சற்றுப் பெரிதாக இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "பேச்சு தெளிவாத்தான இருக்கு?" என்று கேட்டார்.

"பேச்சு தெளிவுதான் சார். கை இறங்குது. இப்பவே வந்து பாருங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. அப்படி அவரிடம் நான் பேசியதில்லை. அவர் உடனே வந்தார். மறு ஸ்கேனில் கசிவு பெரிதாகியிருந்தது. ஒரு மணிக்கெல்லாம் மதுரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அன்று முழுக்க, அவரை எழுப்பாமல் நகர்ந்த அந்த இரண்டடிதான் மனதில் நின்றது.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து பிழைத்தார். ஒரு மாதம் கழித்து மனைவியோடு வார்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் தையல் தழும்பு. வலக்கையில் பிடி கொஞ்சம் குறைவு. மெஷின் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், பேக்கிங்கில் உட்காருகிறார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விழுந்த நாளில் நடந்தது ஒன்றுமே நினைவில் இல்லை.

"யாரு இவுக?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்களத் தூங்க விடாம எழுப்புனாகல்ல, அந்தச் சிஸ்டரு."

அவர் வெட்கத்தோடு கும்பிட்டார். உட்காருங்க அண்ணாச்சி என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.