மைதாப் பசை போட்டு மூடிய எஞ்சின்

போன வாரம் விருதுநகரில் ஒரு பைக் ஷோரூமில் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள். என் வண்டி அந்தப் பக்கம். எழுந்து உள்ளே போகப் பார்த்தால், "சார், கஸ்டமர் உள்ள வரக்கூடாது சார்" என்றது கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பெண். வண்டிக்காரன் வண்டியைப் பார்க்கக்கூடாதாம். ஏசி ஓடியது, காகிதக் கோப்பையில் காபி வந்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு மூன்று லோடு ஆட்டோ, ஒரு குடோன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. என்னைப் போய் உட்காரச் சொல்கிறது அந்தப் பெண். உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய.

யாரோ உள்கதவைத் திறந்தார்கள். பெட்ரோலும் தீய்ந்த ஆயிலும் கலந்த வாசனை ஒரு வீச்சு வந்து, கதவோடு நின்றுபோனது. அந்த வாசனை ஒரு காலத்தில் என் விரல் இடுக்கில் வாரக்கணக்கில் குடியிருந்தது. சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் குழம்பு மணக்காது, வண்டிதான் மணக்கும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஆமத்தூரில் பதினோரு வீடுகளில் பெண்கள் பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டிக் காயவைத்துக் கொடுப்பார்கள். வெறும் குழாய்தான், மருந்தெல்லாம் கம்பெனியில் அடைப்பது. அதை மூட்டை கட்டித் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அதற்கு ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. பின்னால் இரும்புச் சட்டம் அடித்து ஆறு மூட்டை ஏற்றுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் மூட்டைதான் தெரியும், நான் தெரியமாட்டேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் அந்த வண்டி இழுவையை விட்டது. மூட்டை இல்லாமலே மேட்டில் திணறியது. கம்பெனி போர்மேனோ ஏற்கெனவே இரண்டு தடவை முகம் சுளித்தவர். அந்தத் திங்கட்கிழமை முடிவாகச் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆறு மூட்ட இங்கன இருக்கணும். இல்லன்னா சீசன் முச்சூடும் ஆர்டரு சாத்தூர்க்காரனுக்குப் போயிரும்."

மெக்கானிக் சங்கரிடம் தள்ளிக்கொண்டு போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். கிக்கரைக் கையாலேயே அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் போடுங்கண்ணே, தெறந்து பாக்கணும்" என்றான்.

"தெறக்குறதுக்கு ரெண்டு நாளா? நானே தெறந்துக்கிறேன்."

"தெறக்கலாம்ணே. மூடணும்ல."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான், ஆனால் அது யார்மேல் என்பது மட்டும் வருடத்துக்கு வருடம் மாறிவிட்டது.

எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போகும், புகை வரும் என்பதுதான். ஆனால் டீக்கடையில் இரண்டு பெரிய வண்டிக்காரர்கள் உண்டு. ஒருவர் பால்கார வேலுச்சாமி அண்ணன். இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு, மழையோ வெயிலோ ஊர் ஊராகச் சுற்றுகிறவர். இன்னொருவன் காலண்டர் ராசு. சாம்பிள் ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு செங்கோட்டையைத் தாண்டிப் போய் ஆர்டர் பிடிப்பான். இருவருக்கும் வண்டியில்தான் உயிர், ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஆகாது.

"கரி புடிச்சிருக்கும். சைலன்சரக் களட்டித் தீயில போடு" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

"அவரு பேச்சக் கேட்டா வண்டி பால்தான் கறக்கும்" என்றான் ராசு. "பிஸ்டன் தலையில அம்புட்டும் கரியா இருக்கும். சிலிண்டரத் தூக்கிச் சொரண்டுங்கண்ணே."

"ஏலே, நீ எத்தன சிலிண்டரத் தூக்கியிருக்க?"

"தூக்குனதப் பாத்திருக்கேன்."

இரண்டையும் செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். சைலன்சரைக் கழற்றி வாசலில் விறகை அடுக்கினால், என் வீட்டுக்காரி வாளித் தண்ணீரோடு வந்து நின்றாள். "உள்ள மூட்ட மூட்டயா குழா கெடக்கு, வாசல்ல தீ வளக்குறீகளா? கம்மாய்க்குப் போங்க." எங்கள் பக்கம் அடுப்பைத் தவிர எந்தத் தீயையும் யாருக்கும் கண்ணால் பார்க்கப் பிடிக்காது. சைலன்சரைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்ன சுடுறீக, மொசலா?" என்று கேட்டது. சைலன்சர் என்றேன். அது சுள்ளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டியது. கறுப்பாக ஏதோ கொட்டியது உண்மை. வண்டி இழுக்கவில்லை என்பதும் உண்மை.

செவ்வாய்க்கிழமை சிலிண்டரில் கை வைத்தேன். ராசு கொடுத்த அச்சுப் பிசகிப்போன முருகன் காலண்டர் தாளை விரித்து, கழற்றிய வரிசையில் நட்டுகளை அதன்மேல் வைத்தேன். முருகன் முகத்தில் ஒரு நட்டு விழவும் மனசு கேட்காமல் வேலுக்கு நகர்த்தினேன். அதோடு வரிசை குழம்பிப்போனது. அதை விடுங்கள். சிலிண்டரைத் தூக்கும்போது அடியில் இருந்த பேக்கிங் கிழிந்து இரண்டாக வந்தது. சிலிண்டரும் அடிப்பெட்டியும் சேரும் இடத்தில் காற்றுப் போகாமல் வைத்திருக்குமே, அந்தச் சன்னமான தாள்.

தாள் என்றதும் எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சாமான் காகிதம்தானே. விருதுநகர் போய்ப் புதுப் பேக்கிங் வாங்கச் சொன்னான் ராசு. கடைப் பேக்கிங் வாங்கி, கிரீஸ் தடவிப் போடு என்றார் வேலுச்சாமி அண்ணன். ஆச்சரியம் பாருங்கள், அந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அதை மட்டும் நான் கேட்கவில்லை. குழாய் உருட்டும் தாளிலேயே நல்ல கனமாகப் பார்த்து, பழைய பேக்கிங்கை மேலே வைத்து வரைந்து, ஓட்டை மாறாமல் வெட்டினேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பெண்களுக்காகக் காய்ச்சிவைத்திருந்த மைதாப் பசை சட்டி நிறைய இருந்தது, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட நீலப் பசை. இரண்டு பக்கமும் வழித்துத் தடவி, சிலிண்டரை இறக்கி முறுக்கினேன். குழாய் பிரிந்து பார்த்திருக்கிறோமா? அதே பசைதானே.

புதன்கிழமை பகல் முழுக்க உதைத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி உதைத்தேன். கெண்டைக்கால் புடைத்துவிட்டது. பொழுது சாயப் போகும்போது படபடவென்று பிடித்தது பாருங்கள், என் வீட்டுக்காரியே சிரித்துவிட்டாள். சங்கர் கடை வழியாக மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அவன் தலையைத் தூக்கவே இல்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆறு மூட்டையோடு கிளம்பினேன். ஊரைத் தாண்டிச் சில மைல் இருக்கும். எஞ்சின் ஒரு மாதிரி கீச்சென்று கத்தியது. பின்சக்கரம் அப்படியே இறுகி, வண்டி இழுத்துக்கொண்டு போய் வேலியில் சாய்ந்தது. எனக்கு முழங்கை சிராய்ப்பு, மூட்டைக்கு ஒன்றும் இல்லை. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

சீசனில் லோடு ஆட்டோ எங்கே கிடைக்கும்? வந்த பஸ்ஸை மறித்தேன். கண்டக்டர் படியிலிருந்தே கையை ஆட்டினார். "வெடியெல்லாம் ஏத்தக்கூடாது."

"வெறும் குழாதாங்க. பிரிச்சுக் காட்டுறேன், பாருங்க."

"வெறுங்குழாயோ என்னமோ. மூட்டயப் பாத்தாலே பொம்பளைக எறங்கி ஓடும்யா."

அடுத்த பஸ்ஸும் அதே பாட்டு. வெயில் ஏற ஏற மணி கேட்கவே பயமாக இருந்தது. பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பிய வேலுச்சாமி அண்ணன் பார்த்து நிறுத்தினார். கேன்மேல் இரண்டு மூட்டையைக் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டார். நான்கு மூட்டை வேலியோரமே கிடந்தது.

கம்பெனி கேட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே எந்த வண்டியையும் அணைத்துவிட வேண்டும். மிச்சத் தூரத்துக்கு மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினேன். போர்மேன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு மூட்டய வச்சு நான் எதுல மருந்த அடைக்கிறது? சாத்தூர்க்காரன் எறக்கிட்டுப் போயாச்சு. நீங்க போங்க."

வண்டியைச் சங்கரிடமே கொண்டுபோனேன். சிலிண்டரைத் தூக்கினான். தாள் கருகிப் பொடிந்து, ஓரத்தில் நீலமாகக் காய்ந்து நின்றது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தான். "ஏண்ணே, எஞ்சினுக்குக் கஞ்சி காச்சி ஊத்துனீகளா?" சூட்டில் பசை தீய்ந்து, அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்து, பெட்ரோலும் ஆயிலும் போதாமல் பிஸ்டன் காய்ந்து இறுகிவிட்டது என்று சாவகாசமாக விளக்கினான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சீசன் போனது எனக்கு மட்டுமா? பதினோரு வீட்டிலும் குழாய் உருட்டுகிற கம்பி சும்மா கிடந்தது. மாரியம்மா அக்கா வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம் என்றுதான் அக்கா குழாய் உருட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, விடியும்முன் வருகிற தீப்பெட்டிக் கம்பெனி வேனில் ஏறிவிட்டது. வீடு தேடிப் போய், வண்டி இப்படிக் காலை வாரிவிட்டது என்று என் வீரத்தையெல்லாம் கலந்து சொன்னேன். அக்கா கஞ்சிக் கும்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டது:

"அந்தச் சங்கருகிட்டயே விட்டிருக்கலாம்ல தம்பி?"

 

மறுவருடம் ஆர்டரைத் திரும்பப் பிடித்தேன், அது வேறு கதை. பொழுது சாயச் சாயச் சங்கர் கடையில் போய்க் குந்தி, அதே எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற அளவுக்குக் கற்றும் கொண்டேன். நானாகக் கற்றேன் என்றுதான் ஊரில் சொல்வது. இப்போது அந்த எஞ்சினெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. வேலுச்சாமி அண்ணன் இல்லை. ராசு மகனோடு திருப்பூரில் இருக்கிறான். டீக்கடையில் எஞ்சினுக்காகச் சண்டை போட ஆளில்லை.

அப்போதெல்லாம் என் வண்டிச் சத்தம் தெருமுக்கில் கேட்டதுமே வாசலில் மூட்டை வந்து நிற்கும். மாரியம்மா அக்காதான் எப்போதும் முதல் ஆள். இப்போது என் லோடு ஆட்டோ தெருவில் நுழைந்து ஹாரன் அடிக்கிறது. பத்து வீட்டில் கதவு திறக்கிறது. வேனுக்குப் போகப் பழகிய அக்கா குடும்பம், மாமியார் காலமானதும் தீப்பெட்டிக் கம்பெனிப் பக்கமாகத் திருத்தங்கலுக்கே குடிபோய்விட்டது. அந்த ஒரு வாசலில் மட்டும் டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதில்லை.