வடத்தில் ஒரு மணி கூடியபோது

பாசிமணி வடம் பின்னுவதில் ஒரு தொல்லை உண்டு. மணிகளையெல்லாம் நிற வரிசைப்படி முதலிலேயே நூலில் கோத்துவிட வேண்டும். பிறகுதான் குரோஷா ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பின்ன முடியும். வரிசையில் ஒரு மணி கூடிவிட்டால், நூலை அறுக்காமல் அதை மட்டும் குறட்டால் நொறுக்கி எடுப்போம். ஈரத்துணி சுற்றித்தான் நொறுக்குவது வழக்கம்.

அன்று மாலை இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த அலுப்பில் நான் பாயில் படுத்திருந்தேன். தோழியின் கல்யாணத்துக்குப் போட்டுப்போக என் மகள் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வடம் பின்னிக்கொண்டிருந்தாள். குறட்டை எடுத்தாள்.

"துணியச் சுத்துடி" என்றேன்.

"ஒத்த மணிக்கு எதுக்கும்மா துணி? நீ அங்கிட்டுத் திரும்பிப் படு" என்று சிரித்தாள். மணி உடைந்தது. அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். டாக்டர் கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு, "கருவிழியில சில்லு படலைங்க. பார்வைக்கு ஒன்னும் ஆகாது" என்றார்.

கட்டுப் பிரித்து ஒரு மாதமாகிறது. இன்னும் தினமும் காலையில் அவளுடைய இடது கண்ணை மூடி, விரல்களைக் காட்டி, எத்தனை என்று கேட்கிறேன்.

இன்று சலித்துக்கொண்டாள். "மூணும்மா. தெனமும் மூணையே காட்டுனா குருடிகூடச் சொல்லிருவா."

அப்படியானால் பார்க்காமலேதான் சொல்லிவந்தாளோ? உடனே ஒரு விரலை மடக்கினேன்.

"ரெண்டு" என்றாள்.

அதன்பிறகே பள்ளிக்குக் கிளம்பத் தெம்பு வந்தது.