ஆளில்லா வானூர்தி என்று நான் எழுதியது

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "பிளேன் இறக்கிறவர்" என்று சொல்லித் திரிகிறீர்களாம். உங்கள் ரீச்சர் சொன்னா. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையை எழுதி வைப்பது தகப்பனுடைய கடமை. நான் இறக்குவது பிளேன் அல்ல, பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி. மூன்றாம் மாடிக் குசினியில் இருந்து இரண்டாம் மாடிக்கு, காலை பத்து மணிக்கு ஒரு தடவை, பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு தடவை. இதுவரை ஒரு விபத்தும் நடக்கவில்லை.

விமானப் போக்குவரத்தைப் பார்க்கிற எங்கள் அரசாங்கக் கந்தோர் இரத்மலானைப் பக்கம் இருக்கிறது. வெள்ளவத்தையில் பஸ் ஏறி, இருக்க இடம் கிடைத்தால் ஒரு சின்ன நித்திரை கொள்ளலாம். சில வருடங்களுக்கு முன் அங்கே நவீனமயமாக்கல் என்று ஒன்று தொடங்கியது. நாட்டில் புதிய விமான நிலையங்கள் வருகின்றன, ட்ரோன்கள் பெருகிவிட்டன, ஆகவே வானத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்கள். வானத்தை ஒழுங்குபடுத்தும் வேலை குத்துவிளக்கு ஏற்றி, பாற்சோறு வெட்டித் தொடங்கியது. பிறகு கதிரைகள் மாறின. பிறகு பெரிய திரை ஒன்று வந்தது. முந்தி யாராவது ட்ரோன் விட்டால் ஓய்வுபெறும் வயதில் இருந்த அதிகாரி ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்து, "அந்தா" என்பார். இப்போது அது திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக வரும். புள்ளி உண்மைதானா என்று பார்க்க அதே அதிகாரி எழும்பிப்போய் அதே ஜன்னலைத் திறப்பார். பாதி நாட்களில் அது காகம்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இனிமேல் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். சிங்களம் தயார், ஆங்கிலமும் தயார். தமிழ் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போதுதான் அந்த வெள்ளை அவர்களுடைய கண்ணில் பட்டது. பணிப்பாளர் சுற்றிப் பார்த்தார். கந்தோரில் இருந்த ஒரேயொரு தமிழன் ரீத் தட்டோடு நின்றான்.

"மல்லி, ஒயாட்ட தெமள லியன்ன புளுவன் நேத?" என்று கேட்டார். தம்பி, உனக்குத் தமிழ் எழுத வரும்தானே என்கிறார்.

"புளுவன் சேர்", முடியும் என்றேன். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு வெறும் C எடுத்தவன் வேறு என்ன சொல்லுவான்? தமிழ் கதைக்கத் தெரிந்தவனுக்குச் சட்டம், விமானம், கணினி எல்லாம் தமிழில் தெரிந்திருக்கும் என்பது பெரிய கந்தோர்களின் நம்பிக்கை. ரீயை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது என்னுடைய நம்பிக்கையாகவும் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத இருந்தேன். ஆங்கிலத்தில் ட்ரோன் என்று சுலபமாகப் போடாமல், ஆள் ஏறாத விமானம் என்று பொருள் வரும் நீளமான பெயர் ஒன்றைப் போட்டிருந்தார்கள். நானும் சளைக்கவில்லை. "நீங்கள் ஆளில்லா வானூர்தியை இயக்குகின்றீர்களா?" என்று முதலாம் கேள்வியை எழுதி, இரண்டு தரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். கோவில் ஒலிபெருக்கியில் கேட்பதுபோல இருந்தது.

மூத்தவளே, உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "ட்ரோன் எண்டு எழுதினா என்னப்பா? ஆளில்லாட்டி ஆர் அதை விடுறது?" என்று கேட்டாய்.

"அரசாங்கத் தமிழ் அப்பிடித்தான் பிள்ளை. விளங்கினா அது அரசாங்கத் தமிழ் இல்லை" என்று சொல்லி உன்னைப் படிக்கப் போகச் சொன்னேன்.

படிவம் திறந்துவைக்கப்பட்டது. கைதட்டினார்கள். கந்தோரில் என்னை "பாஷா நிபுணர்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிதான். ஆனால் நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஒரு மாதமாக எங்கள் ஒழுங்கையில் மரக்கறி வாங்கப் போகும்போதுகூடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர் வந்தார். மலையகத்தில் இருந்து வந்து, கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பிழைப்பவர். இரத்மலானையில் ஒரு கலியாணத்துக்கு ட்ரோன் விட்டிருக்கிறார். சிவப்புப் புள்ளி வந்திருக்கிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது, அன்றைக்குப் பார்த்து அது காகம் இல்லை. அவருடைய ட்ரோன் இப்போது எங்கள் கந்தோர் அலுமாரியில் இருந்தது. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது உறுதியானால் ட்ரோன் திரும்பக் கிடைக்காது, இனி ஒருநாளும் அவருடைய பெயர் பதியப்படாது. ட்ரோன் இல்லாத வீடியோக்காரனை இப்போது யார் கூப்பிடுகிறார்கள்?

விறாந்தையில் இருந்தவருக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்தேன். கழுத்தில் நாடா போட்டு ஒரு கடதாசி தொங்கவிட்டிருந்தார், லெமினேட் பண்ணி. எட்டிப் பார்த்தேன். "உங்களுக்கு அனுமதி தேவையில்லை. நன்றி." என்னுடைய தமிழ்.

"இது எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டேன்.

"ஃபோம்ல வந்துச்சுண்ணே. ஆளில்லா வானூர்தியான்னு கேட்டாங்க. நம்மளுது ஆள் இல்லாமலா பறக்குது? நான்தானே கையில ரிமோட்ட வச்சிக்கிட்டு நிக்கிறேன். இல்லைன்னு போட்டேன். உடனே அனுமதி தேவையில்லன்னு வந்துருச்சு. பொலிஸ்காரங்க கேட்டா காட்டலாம்னு லெமினேட் பண்ணிக்கிட்டேன்."

அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்று சொல்லாமல் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போனேன்.

நேர்மையாகச் சொல்கிறேன், சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கந்தோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த வேறு யாரும் இல்லை. எனக்கோ நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. விசாரணை அறைக்கு ரீ கொண்டுபோகும்வரை சும்மா இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே மூன்று அதிகாரிகள். லெமினேட் கடதாசியைத் தலைகீழாக வைத்துக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆளில்லாத விமானத்தை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள். வீடியோக்காரர் எழும்பி நின்று, "சேர், மம ஹிட்டியானே" என்றார். நான் அங்கே நின்றேனே என்கிறார். சம்பவ இடத்தில் இருந்ததை ஒப்புக்கொண்டார் என்று ஒரு அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதைப் பார்த்துக்கொண்டு சீனி போட முடியவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, பிழை இந்த மனுசனில் இல்லை, படிவத்தில் இருக்கிறது, படிவத்தை எழுதியது நான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மூத்தவளே, நீ கேட்ட கேள்வியையும் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளைக்கு வந்த சந்தேகம் என்று சொல்லும்போது காது சுட்டது.

பிறகு, இதை இப்படியே ஏற்க முடியாது, தமிழ்ப் படிவத்தில் பிழை இருக்கிறது என்று ஒரு தமிழ் நிபுணர் எழுத்தில் தரவேண்டும் என்றார்கள். தமிழ் நிபுணர் யார் என்று விசாரித்தார்கள். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆகவே என்னுடைய தமிழைப் பற்றி நானே அறிக்கை எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் தன் வீட்டில்கூடச் சொல்லாத சொல் ஒன்றைப் பாவித்திருக்கிறார், விண்ணப்பதாரர் கேட்ட கேள்விக்கு உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார் என்று எழுதினேன். அறிக்கையை ஏற்றுக்கொண்டு, அந்த மொழிபெயர்ப்பாளரை எச்சரிக்கும்படி முடிவெடுத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஊழியருடைய தாய்மொழியிலும் கொடுக்கப்பட வேண்டுமாம். சிங்களக் கடிதத்தை என்னிடம் தந்து, பின்னேரத்துக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி, எல்லாச் சொல்லும் விளங்கும். அதில் பிழை பிடிக்க யாராலும் முடியாது. நிரந்தர நியமனம் அந்த வருடம் வரவில்லை, அதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை ட்ரோனைக் கொடுத்தார்கள். புதிய பதிவு இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது என்பதால் வீடியோக்காரர் விறாந்தையில் இருந்தபடியே தொலைபேசியில் படிவத்தைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதலாம் கேள்வி மாறியிருந்தது: "நீங்கள் ட்ரோன் விடுகிறீர்களா?"

உடனே ஆம் என்று அமத்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பதாண்ணே வெளங்குது. யாரு எழுதுனது இது?"

"என்ர மூத்த மகள்" என்றேன்.